தசைநாண் காயத்துக்குப் பின் பயிற்சி: எவ்வளவு, எப்போது, எதில் நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிகாலுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் எனக்கு வந்த வலி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஐந்தாறு மாதத்தில் அடங்கியிருக்கும். நான் அதைப் பதினான்கு மாதத்துக்கு இழுத்தடித்தேன். சோம்பலால் அல்ல, ஆர்வக்கோளாறால். வலி இல்லாத முதல் நாளே பழைய தூரத்தை ஓடிப் பார்ப்பேன். ஓடும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கினால் கால் ஊன்ற முடியாது. மூன்று முறை இதே கதை.

அந்த நாட்களில் பிசியோதெரபிஸ்டிடம் நான் கேட்டவையும், பிறகு இதே தொல்லையோடு வந்தவர்கள் என்னிடம் கேட்டவையும் சேர்ந்ததுதான் இந்தத் தொகுப்பு. நான் மருத்துவர் அல்ல. படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன். உங்கள் காயம் எந்த இடத்தில், எந்த வகை என்று ஒருமுறை நேரில் காட்டித் தெரிந்துகொண்ட பிறகு படியுங்கள். அப்போதுதான் இது உதவும்.

தசைநாண் என்றால் எது? "நரம்பு இழுத்துக்கொண்டது" என்கிறார்களே, அதுவா?

பேச்சில் எல்லாமே நரம்புதான். உண்மையில் நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டுபோவது. எலும்பை எலும்போடு கட்டி வைப்பது தசைநார்; கணுக்கால் சுளுக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது அதுதான். தசையை எலும்போடு இணைக்கும் வெளிறிய, கெட்டியான கயிறுதான் தசைநாண்.

வில்லின் நாணை நினைவில் வைத்து இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: வில்லில் ஆற்றலைச் சேமிப்பது வளைந்த தண்டு, நாண் அதைக் கடத்த மட்டுமே செய்கிறது. உடலில் நாணே சேமிக்கிறது, நாணே திருப்பியும் தருகிறது. ஓடும்போது, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாணில் விழும் இழுவிசை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு வரை போகும். 70 கிலோ எடையுள்ளவருக்குக் கிட்டத்தட்ட அரை டன். அதுவும் ஒவ்வொரு அடிக்கும்.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்புக்கு இரத்த ஓட்டமும் உயிரணுக்களும் தசையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள். 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான வழியில் இதைச் சோதித்தார்கள். 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் அப்போது வளர்ந்துகொண்டிருந்தவர்களின் உடலிலும் சேர்ந்திருந்தது. அதை வைத்துக் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். நாணின் உட்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது, அதன்பின் அது கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரியவந்தது. தசையிடம் எதிர்பார்க்கும் வேகத்தை நாணிடம் எதிர்பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எல்லாக் காயத்துக்கும் ஒரே வழியா?

இல்லை. ஆறாத வலி ஒரு வகை. மாதக்கணக்காக அதிக வேலை வாங்கியதால், அல்லது ஓய்ந்து கிடந்தவர் திடீரென்று ஓடத் தொடங்கியதால் வருவது. நாண் அறுந்திருக்காது, அதன் உள்ளமைப்பு கொஞ்சம் சீர்குலைந்திருக்கும். இங்கே சொல்லப்போகும் பெரும்பாலான விஷயங்கள் இவர்களுக்கானவை. நாண் பாதியாகவோ முழுதாகவோ கிழிந்தவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் வேறு வகை. அவர்களுக்கான கேள்வி கீழே தனியாக இருக்கிறது. பின்னால் வரும் வலி மதிப்பெண் கணக்கை அவர்கள் தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது.

பின்வருபவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சி பற்றிய யோசனையே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல, அல்லது "பட்" என்று ஏதோ தெறித்தது போல உணர்ந்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போவது. விழுந்த பிறகு கையைத் தூக்க முடியாதது. வெட்டுக்காயத்துக்குப் பின் விரல் மடங்காதது. முழங்காலை நீட்ட முடியாதது. காய்ச்சலோடு சேர்ந்த சூடும் சிவப்பும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிப்பது. இது நாண் பிரச்சினையாக இல்லாமல் இரத்தக் கட்டியாகவும் இருக்கலாம்.

ஓய்வு எடுத்தால் தானாக ஆறிவிடாதா?

ஓய்வெடுத்தால் வலி குறையும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன்காரர் வாசலுக்கு வராத நாளில் கடன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லையே. சுமை இல்லாததால் வலி இல்லை, அவ்வளவுதான். நாண் சுமைக்கு ஏற்ப உறுதியாகும் உறுப்பு. வாரக்கணக்கில் வேலை கொடுக்காவிட்டால் அதன் உறுதியும் குறைகிறது, அதை இழுக்கும் தசையும் மெலிகிறது. ஆறு வாரம் படுத்திருந்துவிட்டுப் பழைய ஓட்டத்துக்குத் திரும்புபவர், முன்பைவிடப் பலவீனமான நாணில் முன்பிருந்த அதே சுமையை ஏற்றுகிறார்.

முதல் சில நாட்கள், வலி கடுமையாக இருக்கும்போது, வலியைக் கிளப்பும் வேலையை நிறுத்துவது சரிதான். நிறுத்த வேண்டியது ஓட்டம், குதித்தல் போன்ற துள்ளல் வேலைகளை. நடமாட்டத்தை அல்ல.

குணமாக எவ்வளவு நாளாகும்?

யாருக்கும் பிடிக்காத பதில்: மாதங்களில் எண்ணுங்கள். ஆறாத நாண் வலிக்குச் சுமைப் பயிற்சியைக் குறைந்தது 12 வாரமாவது செய்து பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று பேசவே வேண்டும். பலருக்கு ஆறு மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்.

கிழிந்த நாண் ஆறும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். முதல் சில நாட்கள் வீக்கமும் சுத்திகரிப்பும். பிறகு சில வாரங்கள், கிடைத்த இழைகளைக் கொண்டு அவசரமாக ஒட்டுப்போடும் வேலை. இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். ஏறக்குறைய ஆறாவது வாரத்திலிருந்துதான் இழைகள் இழுவிசையின் திசையில் வரிசைப்படத் தொடங்கும். அந்த வேலை ஒரு வருடத்துக்கு மேலும் நீளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பயிற்சி தொடங்கி ஆறு முதல் பத்து வாரத்துக்குள் தசைக்குப் பலம் வந்துவிடும். படி ஏறுவது எளிதாகும், மனதில் தைரியம் வரும். நாண் இன்னும் பாதி வழியில் இருக்கும். என் மூன்று சறுக்கல்களில் இரண்டு இந்த இடைவெளியில்தான் நடந்தன.

வலி இருக்கும்போது பயிற்சி செய்யலாமா?

ஆறாத நாண் வலியில், செய்யலாம். ஓர் எல்லை வரை.

வலிக்கு பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடுங்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. 2007-இல் சுவீடனில் 38 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் கடைப்பிடித்த விதி இது: பயிற்சியின்போது வலி ஐந்து வரை போகலாம், முடித்த பிறகும் ஐந்து வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடிக்கொண்டே போகக் கூடாது. இந்த விதிக்குள் நின்று ஓடவும் குதிக்கவும் அனுமதிக்கப்பட்டவர்களும், முதல் ஆறு வாரம் அவற்றை விட்டுவிட்டுப் பயிற்சி மட்டும் செய்தவர்களும் கடைசியில் ஒரே அளவில் தேறினார்கள். வலி என்றாலே சேதம் என்று பயந்து கிடக்கத் தேவையில்லை என்பதை அந்த ஆய்வு காட்டியது.

இருந்தாலும் நான் யாருக்கும் ஐந்தைச் சொல்வதில்லை, மூன்றைச் சொல்கிறேன். ஆர்வமுள்ளவர்கள் ஆறு வலியை ஐந்து என்று எழுதுவார்கள். எனக்குத் தெரியும், எழுதியவன் நான்.

பயிற்சியின்போது வலியே இல்லை, மறுநாள் வலிக்கிறது. ஏன்?

இந்தத் தொகுப்பில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நாண் தாமதமாகப் பதில் சொல்லும் உறுப்பு. வேலை செய்யும்போது சூடாகி வலி அடங்கிவிடும். முதல் பத்து நிமிடம் வலித்து, பிறகு மறைந்து, உற்சாகமாக ஓடி முடிப்பது நாண் காயத்தின் தனி அடையாளமே. உண்மையான மதிப்பெண் மறுநாள் காலையில்தான் வரும். சில சமயம் அதற்கும் அடுத்த நாள். அதனால் இன்று எவ்வளவு செய்யலாம் என்பதை இன்றைய உடம்பிடம் கேட்டுப் பயனில்லை. நேற்றைய பயிற்சிக்கு இன்று காலை என்ன பதில் வந்தது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு காலைச் சோதனை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே அசைவு. குதிகால் என்றால் எழுந்ததும் வைக்கும் முதல் பத்து அடி, அல்லது அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை மூன்று முறை தூக்குவது. முழங்கால் சில்லுக்குக் கீழே வலி என்றால் ஒற்றைக்காலில் மெதுவாகப் பாதி அளவு உட்கார்ந்து எழுவது. முழங்கை என்றால் கையை நீட்டியபடி தண்ணீர் நிறைந்த பாட்டிலைத் தூக்குவது. மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். விறைப்பு எத்தனை நிமிடத்தில் விட்டது என்பதையும் குறியுங்கள்.

வழக்கமாக உங்கள் காலை எண் இரண்டு என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை பயிற்சிக்குப் பிறகு செவ்வாய் காலையும் இரண்டு என்றால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மூன்று என்றால் அடுத்த முறை அதே அளவு, கூட்ட வேண்டாம். நான்கு, ஐந்து என்றால் திங்கட்கிழமை அதிகமாகிவிட்டது. செய்யும்போது எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும் சரி. ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாமல் வாரத்தின் போக்கைப் பாருங்கள். தூக்கம் கெட்ட இரவுக்கு அடுத்த காலை எதுவுமே கொஞ்சம் கூடுதலாகத்தான் வலிக்கும்.

எந்தப் பயிற்சியில் தொடங்குவது?

குதிகால் நாணையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு இடமானாலும் வரிசை இதுதான்.

முதலில் அசையாமல் இறுக்கிப் பிடிப்பது. இரண்டு காலிலும் நின்று குதிகாலைத் தூக்கி, 30 முதல் 45 வினாடி அப்படியே நிற்பது. இடையில் ஒன்றிரண்டு நிமிடம் இடைவெளி விட்டு நான்கைந்து முறை. 2015-இல் வந்த ஓர் ஆய்வில் முழங்கால் நாண் வலி உள்ளவர்கள் 45 வினாடி வீதம் ஐந்து முறை இப்படிக் கனமாக இறுக்கிப் பிடித்ததும், வலி குறைந்தது முக்கால் மணி நேரத்துக்காவது தணிந்தது. உடனே இது உலகமெங்கும் பரவிவிட்டது. ஆய்வில் இருந்தவர்கள் ஆறே பேர் என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. பிறகு வந்த ஆய்வுகளில் சிலருக்கு வலி தணிந்தது, சிலருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கடுமையான வலி உள்ள நாட்களில் நாணுக்கு வேலை கொடுக்க இதுவே பாதுகாப்பான வழி என்பதால் நான் இதில்தான் தொடங்கச் சொல்வேன்.

காலை எண் ஒரு வாரம் போல அசையாமல் நின்றால் அடுத்தது: மெதுவான, கனமான அசைவு. குதிகாலைத் தூக்க மூன்று வினாடி, இறக்க மூன்று வினாடி. முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக்காலில், பிறகு முதுகில் ஒரு பை எடையோடு, அல்லது ஜிம் இயந்திரத்தில். 15 முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, வாரங்கள் போகப்போக எடையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைத்து, ஆறு முறைதான் தூக்க முடியும் என்ற கனத்துக்கு வர வேண்டும். பெரும்பாலோர் தோற்கும் இடம் இதுதான். வலி போனதும் எடை கூட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். உடல் எடையை மட்டும் தூக்கிப் பழகிய நாண், அதைப் போல ஏழு மடங்கு விழும் ஓட்டத்துக்கு எப்படித் தயாராகும்?

கடைசியில் வருவது துள்ளல். இரு காலால் சின்னக் குதிப்பு, பிறகு ஒற்றைக்கால் குதிப்பு, கயிறு தாண்டுதல், ஓட்டம். நாணுக்கு மிகப் பெரிய சோதனை எடையின் கனத்தைவிட அது விழும் வேகம்தான். அதனால்தான் இது கடைசியில்.

தினமும் செய்யலாமா?

இதில் நிபுணர்களே இரண்டு பக்கம். 1998-இல் சுவீடனைச் சேர்ந்த ஹாக்கன் ஆல்ஃபிரட்சன் வெளியிட்ட முறை புகழ்பெற்றது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்குவது, முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று செட், மடக்கி மூன்று செட், காலை மாலை இருவேளை, வாரம் ஏழு நாள், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 முறை! அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 பேர் அதைச் செய்துவிட்டு ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

2015-இல் டென்மார்க்கில் அந்த முறையையும், வாரம் மூன்று நாள் மட்டும் கனமாகவும் மெதுவாகவும் செய்யும் முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு குழுவுமே நன்றாகத் தேறின. செலவான நேரம் மட்டும் இரண்டாவதில் மிகக் குறைவு.

நாணுக்குள் நடப்பதைப் பார்த்தால் நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். கனமான பயிற்சிக்குப் பிறகு கொலாஜன் உருவாவதும் சிதைவதும் ஒருசேர அதிகரிக்கின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை சிதைவின் கை ஓங்கியிருக்கும்; அதன்பிறகுதான் வரவு செலவை மிஞ்சும். எனவே என் கணக்கு: இறுக்கிப் பிடிப்பது தினமும், கனமான பயிற்சி ஒருநாள் விட்டு ஒருநாள், துள்ளல் வேலை மூன்று நாளுக்கு ஒருமுறை.

எடையை, தூரத்தை எவ்வளவு வேகத்தில் கூட்டலாம்?

வாரத்துக்குப் பத்து சதவீதம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கையில் பிடித்துக்கொள்ள ஏதுவான எண்ணே தவிர, இயற்கை விதி அல்ல. வாரம் மூன்று கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது கேலிக்குரிய அளவு. ஐம்பது ஓடுபவருக்கு அதுவே அதிகம்.

எனக்குப் பயன்பட்ட விதி வேறு: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று. தூரம், வேகம், ஏற்றம், வாரத்துக்கு எத்தனை நாள், எடை, காலணி. தூரத்தைக் கூட்டிய வாரத்தில் வேகத்தைத் தொடாதே. இரண்டையும் மாற்றி மறுநாள் வலித்தால் எது காரணம் என்று தெரியாமல் இரண்டையும் விட வேண்டியிருக்கும். ஒவ்வொரு படியிலும் மூன்று பயிற்சி நாளாவது காலை எண் மாறாமல் இருந்தால் மேலே போகலாம்.

எப்போது மறுபடி ஓடலாம்?

தேதி பார்த்து அல்ல, தகுதி பார்த்து. அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் எண் கூடக் கூடாது. ஒற்றைக்காலில் குதிகாலை முழு உயரத்துக்கு இருபது முறையாவது தூக்க வேண்டும். எண்ணிக்கையைவிட முக்கியம், நல்ல கால் செய்வதற்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். ஒற்றைக்காலில் பத்துப் பதினைந்து சின்னக் குதிப்புகளைத் தாங்க வேண்டும். இவை முடிந்தால் ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி ஆறு எட்டுத் தடவை, சமதரையில். இரண்டு நாள் இடைவெளி. காலை எண் சொல்லும் பதிலைப் பார்த்து ஓட்ட நிமிடத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள்.

வேக ஓட்டமும் மேட்டில் ஓடுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி. முதல் நாளே நண்பர்களோடு சேர்ந்து ஓடப் போகாதீர்கள். அவர்கள் வேகத்துக்குத்தான் ஓடுவீர்கள்.

அதுவரை மூச்சுப் பலம் போய்விடாதா?

சைக்கிள், நீச்சல், ஆழமான தண்ணீரில் ஓடுவது ஆகியவை குதிகாலுக்கும் முழங்காலுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். தோள் காயத்துக்கு நீச்சல் கூடாது, நடையும் சைக்கிளும் போதும். நல்ல பக்கத்துக்கும் எடைப் பயிற்சி கொடுங்கள்.

நீட்டி இழுக்கும் பயிற்சிகள் செய்யலாமா?

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான், பலருக்கு உதவாததும் இதுதான். நாண் எலும்பில் சேரும் இடத்தில் வலி இருந்தால், நீட்டும்போது நாண் எலும்போடு அழுந்தி வலி கூடுகிறது. குதிகால் எலும்பிலேயே வலி உள்ளவர்கள் கெண்டைக்காலை இழுத்து நீட்டுவதைத் தவிர்க்கலாம். மேலே சொன்ன ஆல்ஃபிரட்சன் பயிற்சியிலும் அவர்கள் குதிகாலைப் படி விளிம்புக்குக் கீழே இறக்காமல் சமதரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இடுப்பின் பக்கவாட்டில் நாண் வலி உள்ளவர்களுக்குக் கால்மேல் கால் போட்டு உட்காருவதும், வலிக்கும் பக்கம் படுப்பதும் இதே அழுத்தத்தைத் தரும். எவ்வளவு பயிற்சி செய்தும் குறையவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படித் தூங்குகிறீர்கள் என்று.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று வலி கூடிவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. ஏறி இறங்காமல் ஆறிய நாணை நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று நாள் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிக்கு இறங்குங்கள். எண் பழையபடி ஆனதும் கடைசியாகச் சரியாக இருந்த படிக்கு ஒரு படி கீழிருந்து மீண்டும் தொடங்குங்கள். முழுதாக நிறுத்தி இரண்டு வாரம் படுக்க வேண்டாம்.

காரணத்தைத் தேடும்போது முந்தைய 48 மணி நேரம் முழுவதையும் பாருங்கள். பயிற்சி மட்டுமே குற்றவாளி அல்ல. வீடு மாற்றிய அன்று படியேறி இறங்கியது, தட்டையான புதுச் செருப்பு, கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்றது. நாணுக்கு எல்லாம் ஒரே கணக்குப் புத்தகம்தான்.

வலி மாத்திரை, ஊசி, ஐஸ்?

ஐஸ் இதமாக இருந்தால் வையுங்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் நீங்கள் நம்பியிருக்கும் அந்த எண்ணே பொய்யாகிவிடும்.

ஸ்டீராய்டு ஊசியில் கவனம். போட்ட சில வாரங்களுக்கு அற்புதமாக இருக்கும். ஆனால் முழங்கை நாண் வலியில், ஊசி போட்டவர்கள் மாதங்கள் கழித்து, போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்ததை 2010-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. ஊசி போட்டு வலி அடங்கிய அந்த வாரங்களில்தான் ஆசையும் கூடும். அதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் நாண் அழற்சியையும் அறுதலையும் உண்டாக்கக்கூடும். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாண் காயம் இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து எடுக்கும்போது நாணில் வலி தொடங்கினால் பயிற்சியை நிறுத்தி உடனே அவரிடம் தெரிவியுங்கள்.

ஸ்கேனில் சரியான பிறகுதானே கூட்ட வேண்டும்?

வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களின் நாணிலும் ஸ்கேன் குறை காட்டும். நன்றாகத் தேறி ஓடுபவர்களின் நாணிலும் பழைய தடிப்பு அப்படியே இருக்கும். கிழிசல் சந்தேகம் இருந்தால் ஸ்கேன் அவசியம். முன்னேற்றத்தை அளக்க அது நல்ல அளவுகோல் அல்ல.

நாண் அறுந்து தைத்திருக்கிறார்கள். இதே முறையில் போகலாமா?

கூடாது. முதல் சில வாரங்கள் இரு முனைகளையும் பிடித்திருப்பது தையல்தான். வலி இல்லை என்பது அங்கே எந்த அனுமதியும் அல்ல. உங்கள் அறுவை மருத்துவர் கொடுத்த கால அட்டவணையை மட்டும் பின்பற்றுங்கள்.

இடத்துக்கு இடம் அது மாறும். விரல் நாண் தைத்தவர்கள் முற்றிலும் அசைக்காமல் வைத்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் அசைத்தால் தையல் விட்டுவிடும். அதனால்தான் ஆரம்பத்திலேயே கை சிகிச்சையில் பயிற்சி பெற்றவரின் கண்காணிப்பில் அளந்து அசைக்க வைக்கிறார்கள். தோள் நாண் தைத்தவர்களுக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் கைத்தூளி. எடை தூக்குவது பெரும்பாலும் 12 வாரத்துக்குப் பிறகுதான்.

குதிகால் நாண் அறுந்தால் எல்லாருக்கும் அறுவை தேவைப்படுவதும் இல்லை. 2022-இல் நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஒப்பிட்டபோது, ஒரு வருடம் கழித்துக் காலின் செயல்திறன் இரு வழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மறுபடி அறுந்தது அறுவை செய்யாதவர்களில் 6.2 சதவீதம், செய்தவர்களில் 0.6 சதவீதம். எந்த வழியானாலும் ஆரம்ப மாதங்களில் கெண்டைக்காலை இழுத்து நீட்டாதீர்கள். நாண் நீண்டபடியே ஆறிவிட்டால் நுனிக்காலில் எழும்பும் பலம் திரும்புவது கடினம்.

வயதும் சர்க்கரை நோயும் தடையா?

தடை இல்லை, தாமதம். சர்க்கரை, அதிகக் கொழுப்பு, மாதவிடாய் நின்ற பிறகான ஹார்மோன் மாற்றம் மூன்றுமே நாணைப் பாதிக்கும். படிகள் அதே படிகள்தான். ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் நில்லுங்கள்.

வலி முழுதாகப் போய்விட்டது. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

வலி போவது முதலில், பலம் வருவது அதற்குப் பிறகு. நடுவில் பல மாதம் இருக்கும். இரண்டு காலும் ஒரே எடையை ஒரே எண்ணிக்கையில் தூக்கும்வரை வாரம் மூன்று நாள் தொடருங்கள். அதன்பிறகு வாரம் இரண்டு நாள் போதும், ஆனால் ஓடுகிறவரை அந்த இரண்டு நாளை விடாதீர்கள். எனக்கு வலி நின்று வருடங்கள் ஆகிவிட்டன. செவ்வாயும் சனியும் இன்னும் பையில் எடையைப் போட்டுக்கொண்டு படியில் நிற்கிறேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடியையும் இன்னும் எண்ணுகிறேன். பெரும்பாலும் பூஜ்யம், நீளமாக ஓடிய மறுநாள் மட்டும் ஒன்று.